துவக்குக்கு வைத்த பொட்டு

மான் எனக்குக் கீழே, சரிவில், தனியாக நின்று மேய்ந்துகொண்டிருந்தது. 'றே' என்று இங்கே சொல்லும் சிறிய மான். இருநூறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தூரம்.

நான் ஈரப்புல்லில் வயிறு படக் கிடந்தேன். முழங்கை இரண்டும் நனைந்து குளிர் உள்ளே ஏறிவிட்டது. பக்கத்தில் என் சிநேகிதி ரெகுலா, தூரக்கண்ணாடியை இறக்காமலே மெல்லச் சொன்னாள்.

"கிடாய்தான். பக்கவாட்டா நிக்குது. இனி உன்ரை விருப்பம்."

அவள் சொன்னது பேர்ன் ஜெர்மனில். இந்தத் தொடரில் வரும் சுவிஸ்காரர் எல்லோரும் ஏன் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். என் காதுக்குள் அவர்கள் அப்படித்தான் கதைக்கிறார்கள் ஐயா, நான் என்ன செய்ய?

கன்னத்தைத் துவக்கில் வைத்தேன். சுடுவதற்கு முன்னால், குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பின் தலையில் இருக்கும் குமிழில் எந்த எண் நிற்கிறது என்று பார்ப்பது என் பழைய பழக்கம். அன்றும் பார்த்தேன். எண்ணைக் காணவில்லை. எண் இருக்கவேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனமும், அதன் நடுவே குங்குமமும் இருந்தன.

என் கணவர் வைத்த பொட்டு அது. துடைக்கமாட்டேன் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன்.

மான் ஆறுதலாக மேய்ந்தது. எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏன் என்று விளங்க, ஒரு துவக்கு வாங்கிய கதையைச் சொல்லவேண்டும்.

வெங்காயம் வெட்டியபடி இரண்டு நிபந்தனை

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக: நான் சிறுபிள்ளையாக இந்த நாட்டுக்கு வந்தவள். ஓஸ்டர்முண்டிகனில் வீடு, மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கும்வரை இங்கே எங்களுக்குத் துவக்கு வாங்க முடியாது. எங்கள் வீட்டுக்குச் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு வந்த அடுத்த வருடம், என் வகுப்புத் தோழி ரெகுலா இளையோருக்கான துவக்குச்சூட்டு வகுப்பில் சேர்ந்தாள். தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு முதல் மாதத்திலேயே அலுத்துவிட்டது. எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

எனக்குத் துவக்கு என்றால் முந்நூறு மீற்றரில் ஒரு கறுப்பு வட்டம், காதடைப்பான், மூச்சை விட்டுப் பிடிக்கும் அந்தச் சின்ன அமைதி. அவ்வளவுதான். சூட்டுக் கழகத்துத் துவக்கை இரவல் வாங்கிச் சுட்டுவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வருவேன்.

என் கணவர் யோகனுக்குத் துவக்கு என்றால் வேறு. அவர் வன்னியில் போரின் கடைசிவரை நின்றுவிட்டு வந்தவர். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரர். அமைதியான மனிதர், சின்னச் சின்னப் பிடிவாதங்கள் உண்டு. அதில் ஒன்று, எதையும் பூச்சியத்தில் விடமாட்டார். கலியாண வீட்டு உறைக்குள் தாளோடு ஒரு பிராங்க் நாணயக்குற்றியும் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. அலாரம்கூட ஐந்து மணிக்கு அடிக்காது, ஐந்து ஒன்றுக்குத்தான் அடிக்கும். பூச்சியம் வெறுமையாம். வெறுமையில் ஒன்றையும் தொடங்கக்கூடாதாம்.

ரெகுலா கலியாணம் முடித்து மலைப்பக்கம் போய், மாடு வளர்த்து, ஒருநாள் வேட்டைத் தேர்வுக்குப் படிக்கப்போவதாகச் சொன்னாள். இந்த முறையும் தனியாகப் போக அவளுக்கு மனமில்லை. தேர்வுக்கு நாங்கள் பட்ட பாட்டைத்தான் சென்ற வாரம் எழுதினேன். தேறிவிட்டோம். அதோடு, கோடை முடிவில் அவள் ஊர்ப்பக்கம் தூரச்சூட்டுப் போட்டி ஒன்று நடக்கும். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் நாங்கள் படுத்திருக்க, அந்தப் பக்கச் சரிவில் இலக்கு இருக்கும். அதற்கும் இருவரும் சோடியாகப் பெயர் கொடுத்துவிட்டோம். இரண்டுக்கும் இரவல் துவக்கு சரிவராது.

யோகன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கதையைத் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ, எனக்கெண்டு ஒரு துவக்கு வாங்கவேணும்."

"எத்தினை?"

"முறைப்படி எண்டால் ரெண்டு. போட்டிக்குப் பாரமானது, வேட்டைக்குப் பாரமில்லாதது."

கத்தி நிற்கவில்லை. "ஒண்டு. ரெண்டாவது துவக்கு வீட்டுக்குள்ள வந்தா நான் வெளியில நிப்பன்."

"சரி, ஒண்டு."

"இன்னொண்டும் இருக்கு, கேளும்." இப்போது கத்தி நின்றது. "வெடிச் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு. அதுக்குப் பிறகு வாற சத்தம்தான் பழகேல்லை. உம்மட சூட்டில ஒரு மிருகம் காயப்பட்டுக் கத்திச்சுது, இல்லாட்டி காயத்தோட ஓடிச்சுது எண்டா, அந்தக் கிழமையே துவக்கைத் திருப்பிக் குடுத்திடவேணும். அதுக்குப் பிறகு அதைப்பற்றி வீட்டில கதைக்கப்படாது."

"ஓம்" என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

மலைக்கும் கலியாண வீட்டுக்கும் ஒரே சப்பாத்து

லாங்கன்தாலுக்கு அப்பால் ஒரு சிறிய ஊரில் ரூடி என்பவரின் கடை. முன்பக்கம் மீன் தூண்டில், பின்பக்கம் துவக்கு. நான் கூப்பிடாமலே யோகனும் "சும்மா வாறன்" என்று காரில் ஏறிவிட்டார். ஆனால் தூண்டில் பக்கத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை.

ரூடி பச்சைத் துணி விரித்து முதலில் இரண்டு துவக்குகளை வைத்தார்.

ஒன்று போட்டித் துவக்கு. பெருவிரலைவிடத் தடித்த குழல். அடுத்தடுத்து இருபது தோட்டா சுட்டாலும் சூடேறிக் குறி அலையாது. படுத்துக்கொண்டு பிடித்தால் பாறை மாதிரி அசையாமல் கிடக்கும். ஆனால் அதைத் தூக்கி நிமிர்ந்தபோதே என் இடுப்பு வேண்டாம் என்றது.

மற்றது மலை வேட்டைக்கானது. தோளில் தொங்குவதே தெரியாது. ஆனால் குழல் மெல்லியது. நாலைந்து தோட்டாவிலேயே சூடேறி, குறி ஒரு பக்கமாக நகரத் தொடங்கிவிடும். மானுக்கு ஒரு தோட்டா போதும், போட்டிக்குப் போதாது. பாரமில்லாத துவக்கு தோளையும் நன்றாக உதைக்கும்.

"எனக்கு இது ரெண்டும் ஒண்டில வேணும்" என்றேன்.

"மலை ஏறவும் கலியாண வீட்டுக்குப் போகவும் காலுக்கு ஒரே சப்பாத்துக் கேக்கிறாய்."

"ஓம், அதைத்தான் கேக்கிறன்."

ரூடி தாடியைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் மூன்றாவதைக் கொண்டுவந்தார். நடுத்தரக் குழல், பாரம் குறைய நீளவாக்கில் பள்ளம் கீறியது. கன்னம் வைக்கும் மரத்தை என் முகத்துக்கு ஏற்றபடி உயர்த்தலாம். ஆறரை மில்லிமீற்றர் தோட்டா. தூரத்துக்கும் நேராகப் போகும், உதையும் குறைவு, பெரிய சிவப்பு மானுக்கும் போதும். போட்டிக்காரருக்குக் கொஞ்சம் மெலிவு, வேட்டைக்காரருக்குக் கொஞ்சம் பாரம். இரு பக்கமும் குறை சொல்லக்கூடிய துவக்கு என்பதாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

"ஸ்கோப்போட ஏறக்குறைய அஞ்சு கிலோ வரும். மலையில காவுவியோ?" என்று ரூடி கேட்டார்.

அதற்குப் பதில் கடையில் கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை, ஐந்து கிலோ பாஸ்மதி அரிசிப் பையை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ரெகுலா வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் ஏறினேன். பையைக் கட்டித் தந்தவர் யோகன். மேலே போய்த் திறந்து பார்த்தால், அரிசிக்கு மேல் ஒரு பைக்கற் பருப்பும் இருந்தது. ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன்.

"தோட்டாவுக்குப் பாரமில்லையோ?" என்றார்.

மூச்சு வாங்கியது, ஆனால் கை நடுங்கவில்லை. அந்த மூன்றாவதுதான் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் யோகனும் நானும் மறுபடி கடைக்குப் போனோம். மிச்சம் ஸ்கோப். இதில்தான் ரூடிக்கும் எனக்கும் பிசகியது. வேட்டை ஸ்கோப்பில் குமிழுக்கு மூடி இருக்கும். போட்டி ஸ்கோப்பில் குமிழ் திறந்தபடி இருக்கும். தூரத்துக்குத் தக்கபடி டிக் டிக்கென்று திருப்பிக்கொள்ளலாம்.

"மூடி உள்ளதை எடு" என்றார் ரூடி. "திறந்த குமிழை எதுவும் திருப்பிப்போடும். பை, பற்றைச்செடி, மழைச்சட்டை."

"மூடியைக் கழட்டிக் கழட்டிப் போட்டி சுட ஏலாது. நான் கவனமா இருப்பன்."

திறந்த குமிழையே வாங்கினேன். வேட்டைத் தோட்டாவுக்கு இருநூறு மீற்றரில் குறி சரியாக விழும்படி அமைத்து, அந்த இடத்தில் குமிழைப் பூச்சியமாக்கித் தந்தார். பூச்சியம் என்றால் மான். வேறு எந்த எண் என்றாலும் போட்டி. இதைவிட இலகுவான கணக்கு உண்டா?

புறப்படும்போதுதான் யோகன் தூண்டில் பக்கத்திலிருந்து வந்தார். துவக்கைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இல்லத்துக் குசினியில் பழகிய தன் ஜெர்மனில் ரூடியிடம் கேட்டார்.

"இது பிழை விடாதோ?"

ரூடி சிரிக்கவில்லை. "துவக்குப் பிழை விடாது. பிடிக்கிற ஆள்தான் விடும்."

யோகன் என்னைப் பார்த்தார். நான் தூண்டில்களைப் பார்த்தேன்.

சுவாமியும் வேட்டைக்குப் போகிறார்

சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு டீட்டிகோனிலிருந்து ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, நீங்கள் சைவச் சனமெல்லோ? மானைக் கொல்லலாமோ?"

அக்கா, எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. சஷ்டி விரதம் யோகன் பிடிப்பார், நான் பாதியில் விடுவேன். மற்ற நாளில் ஆடு, கோழி, கணவாய் எல்லாம் குசினிக்குள் வந்து போகும். இலையுதிர்காலம் வந்தால் யோகனின் முதியோர் இல்லத்தில் மான் இறைச்சிதான், சிவப்பு முட்டைக்கோவாவும் செஸ்நட்டும் வைத்து. ஆச்சிமார் இரண்டாம் தரமும் கேட்டு வாங்குவார்களாம்.

"அந்த மான் எப்பிடிச் செத்தது எண்டு எப்பவாவது கேட்டனீங்களோ?" என்று ஒருமுறை அவரைச் சீண்டினேன்.

"அது பெட்டியில வாறது."

"அதைத்தான் சொல்லுறன். நான் பெட்டிக்கு முன்னுக்கு நடக்கிறதைப் பாக்கப்போறன். கோயிலில வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமியையே காவிக்கொண்டு போறீங்கள்தானே?"

"சுவாமி ஒண்டையும் காயப்படுத்திப்போட்டு வாறேல்லை" என்றார். அந்த மனிதரோடு வாதாடி வென்ற நாள் எனக்கு நினைவில்லை.

முதல் இலையுதிர்காலத்தில் நான் ஒரு தோட்டாவும் சுடவில்லை. மான் தெரிந்தது, ஆனால் ஒருநாள் காற்று, ஒருநாள் பற்றை மறைப்பு, ஒருநாள் கூடவே குட்டி. மனத்துக்குச் சரியென்று படாமல் விசையில் விரல் வைக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் யோகன் கதவைத் திறந்து ஒரே கேள்விதான் கேட்பார். கிடைத்ததா என்று கேட்கமாட்டார்.

"காயப்பட்டதோ?"

"சுடவே இல்லை."

உடனே இரசத்தைச் சூடாக்கித் தருவார். அந்த இரசத்தின் மிளகு வாசனை இப்போதும் எனக்கு வெறுங்கையின் வாசனை.

அடுத்த கோடையில் போட்டியில் ரெகுலாவும் நானும் ஓரளவு நன்றாகவே சுட்டோம். அன்று மாலையே குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பி, வேட்டைத் தோட்டாவால் சுட்டுச் சரிபார்த்து, துவக்கை நிலவறைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு நவராத்திரி வந்தது.

எங்கள் வீட்டு ஆயுதபூசை சின்னது. யோகனின் சமையல் கத்தி, என் ஆய்வுகூட அடையாள அட்டை, மடிக்கணினி, கார்ச் சாவி. அந்த வருடம் கும்பம் வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"உம்மட துவக்கையும் கொண்டு வாரும்."

எனக்குக் கேட்டது சரிதானா என்று நின்றேன்.

"என்ன பாக்கிறீர்? அதுவும் ஆயுதம்தானே. ஒரு வருசம் முழுக்கச் சுடாமல் வந்தனீர். அதுக்கு ஒரு மரியாதை இருக்கு."

சுட முடியாதபடி போல்ற்றைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அந்த மனிதர் துவக்கைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அவல் கிண்ணத்தை எடுக்கும் சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கத்தியிலும் அட்டையிலும் சாவியிலும் பொட்டு. துவக்கிலும் பொட்டு, அதன் உச்சியில், ஸ்கோப் குமிழின் முகத்தில்.

"துடையாதையும். தானா உதிருமட்டும் இருக்கட்டும்."

"துடைக்கமாட்டன்" என்றேன். சந்தோஷத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

நகத்தால் சுரண்டியது

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஈரப்புல்.

பூச்சியத்தில் வைத்துப் பூட்டியது நான். நிச்சயம். பொட்டுக்குக் கீழே பூச்சியம்தான் இருக்கிறது என்று நூறு கோயிலில் சத்தியம் செய்திருப்பேன். பாதுகாப்புப் பூட்டைத் தட்டவேண்டும், மூச்சை விடவேண்டும், விசையை இழுக்கவேண்டும். அவ்வளவுதான் மிச்சம்.

ஆனால் எண்ணைப் பார்க்காமல் நான் ஒருநாளும் சுட்டதில்லை. பார்க்கவேண்டுமென்றால் பொட்டை அழிக்கவேண்டும். பொட்டு அழிப்பது என்பது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு பொல்லாத காரியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதுவும் அவர் கையால் வைத்தது. எந்தக் கை துவக்கையே தொடாதோ அந்தக் கை வைத்தது. விடியற்காலையில், உயிர் எடுக்கப்போகிற இடத்தில், அதைப் போய்ச் சுரண்டுவதா? முதுகு கூசியது.

"என்ன?" என்றாள் ரெகுலா.

"ஒண்டுமில்லை."

அப்போது அவர் குரல்தான் வந்தது, கதவைத் திறந்து கேட்கும் அந்தக் கேள்வி. நான் நகத்தை வைத்துச் சுரண்டினேன். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கீழே எண் தெரிந்தது.

ஒன்று.

அந்தத் தூரத்தில் அந்த ஒன்று, குறி வைத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே. தோட்டா நெஞ்சுக்குப் போகாமல் முதுகைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். மான் விழுந்திருக்காது, ஓடியிருக்கும்.

குமிழைத் திருப்பினேன். டிக், டிக் என்ற சத்தத்துக்கு மான் தலையைத் தூக்கியது. போகட்டும், போனால் நல்லது என்றுகூட நினைத்தேன். அது நெடுநேரம் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தது. பூச்சியம் நிற்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, மூச்சை விட்டு, சுட்டேன்.

நின்ற இடத்திலேயே விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பள்ளத்தில் மாட்டு மணி மட்டும் கேட்டது.

கிட்டப் போனதும் ரெகுலா தொப்பியைக் கழற்றினாள். பக்கத்து மரத்தில் ஒரு சின்னக் கிளையை ஒடித்து, மானின் வாயைத் திறந்து, பற்களுக்கு இடையில் வைத்தாள். கடைசிக் கவளம் என்று இங்குள்ள வேட்டைக்காரர் சொல்வார்கள். தேர்வுக்குப் படித்த விஷயம்தான். கண்ணால் பார்த்தபோது எனக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது: வாய்க்கரிசி. அழுதுவிட்டேன். ரெகுலா என் முதுகைத் தடவினாள்.

கதவு திறந்தது

வீடுவரை எனக்குக் கோபம்தான். யார் திருப்பியது? என் பையா? மழைச்சட்டையா? ரூடி சொன்னது சரியாகிவிட்டதே என்று என்மேலேயே ஆத்திரம். காரில் தனியாக எல்லோரையும் ஏசிக்கொண்டு வந்தேன்.

யோகன் கதவைத் திறந்தார். "காயப்பட்டதோ?"

"இல்லை. நிண்ட இடத்திலயே விழுந்தது. ரெகுலா வாயில கிளை வைச்சவள்."

வாய்க்கரிசி என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவருக்கே விளங்கியது. தன் தகப்பனுக்கு அவர் அதைப் போட முடியாமல் போனது, அந்தக் கடைசி நாட்களில், எனக்குத் தெரியும்.

"அதுக்கெண்டாலும் ஒரு ஆள் பக்கத்தில இருந்திருக்கு" என்றார்.

பிறகுதான் குமிழைப் பற்றிச் சொன்னேன். பூச்சியத்தில் விட்டது ஒன்றில் நின்றது, எப்படி என்று தெரியவில்லை என்றேன். அவர் முகம் வெளிறியது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"நான்தானப்பா."

"என்னது?"

"பொட்டு வைக்கேக்க பாத்தன், பூச்சியம் நிண்டது. பூச்சியத்தில பொட்டு வைக்கிறதோ எண்டு ஒண்டுக்குத் திருப்பினனான்." கையை விரித்துப் பார்த்தார். "அது என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியாது. நல்லதுக்கெண்டுதான் திருப்பினனான்."

வரும் வழியில் சேர்த்துவைத்த ஏச்செல்லாம் எங்கே போனதோ தெரியாது. கலியாண உறையும், அலாரமும், பருப்புப் பைக்கற்றும் நினைவுக்கு வந்தன. அந்த நேரம் அந்த மனிதரில் வந்த அன்பு எனக்குக் கலியாணத்தன்றும் வரவில்லை என்று எழுதினால், அவரும் இதை வாசிப்பார், வாசிக்கட்டும்.

"காயப்பட்டிருந்தா துவக்கைத் திருப்பிக் குடுக்கச் சொல்லியிருப்பன்" என்றார். "உம்மையும் ஒண்டும் கேட்டிருக்கமாட்டன். பிழை என்ரை கையில."

"காயப்படேல்லைதானே."

"நீர் சுரண்டினபடியால்."

"ஓம். உங்கட பொட்டைத்தான் சுரண்டினன்."

"நல்லதாப் போச்சு" என்று எழுந்துபோய் இரசத்தைச் சூடாக்கினார். அன்று வெறுங்கை இல்லை. ஆனாலும் அதைத்தான் குடித்தோம்.

அடுத்த நவராத்திரி வந்தது. கத்தி, அட்டை, சாவி, துவக்கு. இந்த முறை நான் குசினிக்குள் ஒளியவில்லை. யோகன் சந்தனக் கிண்ணத்தோடு துவக்குக்கு முன்னால் குந்தி, விரலை நீட்டியபடி என்னைப் பார்த்தார்.

"எங்க வைக்கலாம்?"

தோளில் அண்டும் மரப் பக்கத்தைக் காட்டினேன். அங்கே வைத்தார். பிறகு குனிந்து, தொடாமல், தன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குமிழை உற்றுப் பார்த்தார்.

"பூச்சியத்திலதானே நிக்குது?"

"ஓம்."

"நிக்கட்டும்" என்றார். விளக்கைக் கொளுத்தினார்.